பழைய இரும்பு இஞ்சின் புல்லட்டுக்கு வெளிச் சைலன்சர்: (கம்பெனி போடாத, வெளிக்கடையில் வாங்கும் சைலன்சர்) நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

வலது காலில் கியர், இடது காலில் பிரேக், இரும்பு சிலிண்டர், பெரும்பாலும் பாயிண்ட் இக்னிஷன் (தொட்டு விலகும் இரு முனைகளால் பொறி உண்டாக்கும் பழைய முறை). அந்தப் பழைய புல்லட் 350. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி செய்து, பெரிய மாற்றமில்லாமல் 2010-ஐ ஒட்டிய காலம் வரை வந்துகொண்டிருந்த வண்டி. 346 சி.சி., 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 18 குதிரைத்திறன். ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எதிரே வந்து மோதும் காற்றுதான் இஞ்சினை ஆற்ற வேண்டும். ஆகவே சைலன்சரை மாற்றும்போது சத்தம் மட்டும் மாறுவதில்லை, இஞ்சினின் சூடும் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

பழைய சைலன்சர் ஓட்டை விழுந்துவிட்டது. எதை வாங்கலாம்?

கம்பெனி மாடலிலேயே வரும் லாங் பாட்டில் சைலன்சர். உள்ளே பேஃபிள் (புகையைத் தடுத்துச் சத்தத்தைக் குறைக்கும் உள்தகடு) உள்ளதாக, கனமான தகட்டில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் என் பதில். கேட்டதும் கொஞ்சம் முகம் வாடும். கடையில் பளபளவென்று கோல்ட் ஸ்டார் சைலன்சர் தொங்கும்போது பழைய பாட்டிலையே வாங்கச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் இந்த இஞ்சினின் வால்வு திறந்து மூடும் நேரம், பெண்ட் பைப்பின் (இஞ்சினிலிருந்து சைலன்சர் வரை வளைந்து வரும் குழாய்) நீளம், கார்பரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) எல்லாமே அந்தப் பாட்டிலை வைத்து அமைத்தவை. அதே வகையைப் போட்டால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. வேறு வகையைப் போட்டால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிவரும்.

கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். கனம் இருக்க வேண்டும். நல்ல சைலன்சருக்கு வெளித்தகடு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. இருக்கும். 20 கேஜில் செய்தது 0.9 மி.மீ.தான், சீக்கிரம் துரு தின்றுவிடும், சத்தத்திலும் ஒரு தகர அதிர்வு கலக்கும். பின்வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். முன்வாய் வரை வெளிச்சம் நேராகப் போனால் உள்ளே தடுப்பே இல்லை என்று அர்த்தம். குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"அண்ணாச்சி, புல்லட்னா அந்தச் சத்தம் வேணும்லா?"

வேணும்தான். அந்தச் சத்தத்தை நானும் உயிராக நேசிக்கிறேன். ஆனால் அது சைலன்சரில் பிறப்பதில்லை. ஒரே சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் வெடிக்கும். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராமல் ஓடும்போது) நிமிஷத்துக்கு 900 சுற்று என்றால் 450 வெடிப்பு, நொடிக்கு ஏழெட்டு. அதனால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நீளமான ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் அந்தத் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. பாட்டில் சைலன்சர் அந்த அடியின் கூர்மையை மட்டும் கழித்துவிட்டு அடிச்சத்தத்தை விட்டுவைக்கும். பேஃபிள் இல்லாத சைலன்சரோ கூர்மையைத்தான் முதலில் வெளியே விடும். பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்துவது அந்தக் கூர்மையால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பீட்" வரவழைக்கிறேன் என்று சில இடங்களில் இக்னிஷன் டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளி, ஐடிலையும் இறக்கிவிடுகிறார்கள். கேட்க மெதுவாக, கம்பீரமாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. பொறி தாமதமாக விழுவதால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். எரியும் வாயு வால்வையும் பெண்ட் பைப்பையும் சுடும். ஆயில் பம்பு கிராங்க் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் ஓடுகிறது, ஐடில் இறங்கினால் பிக் எண்டுக்கும் (கிராங்கோடு சேரும் பேரிங்) ராக்கருக்கும் (வால்வைத் திறக்கும் கை) போகும் ஆயிலும் குறையும். சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டைச் சிக்னலில் அந்த நிலையில் நிற்கும் இஞ்சினை நினைத்தாலே எனக்குப் பதறும். தாளம் வேண்டுமென்றால் டேப்பட்டை (வால்வு இடைவெளியை) சரிபாருங்கள், பாயிண்ட் இடைவெளியைச் சரிபாருங்கள், டைமிங்கைக் கம்பெனி சொன்ன இடத்தில் வையுங்கள். பழுதில்லாத இஞ்சின் தானே தாளம் போடும்.

ஃப்ரீ ஃப்ளோ (உள்தடுப்புக் குறைந்த) சைலன்சர் போட்டால் பிக்கப் கூடுமா?

இந்த இஞ்சினுக்குப் பெரும்பாலும் குறையும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறு.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்தமான ஓர் அலை பெண்ட் பைப்புக்குள் பாய்கிறது. பைப் முடிந்து அகலமான இடம் வந்ததும் அந்த அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. திரும்பும்போது அது தள்ளும் அலையாக இல்லாமல் உறிஞ்சும் அலையாக மாறியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கும் இன்டேக் வால்வு திறப்பதற்கும் நடுவே இரண்டுமே சற்றுத் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. உறிஞ்சும் அலை சரியாக அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே கூட்டிவரும். எந்த வேகத்தில் இந்த உதவி கிடைக்கும் என்பதைப் பைப்பின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. ரேஸ் வண்டிக்கு மேல் சுற்றில் கிடைக்கும்படி அமைப்பார்கள். புல்லட்டுக்குக் கீழ்ச் சுற்றிலும் நடுச் சுற்றிலும் இழுவை வேண்டும்.

ஆக, "பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) வேண்டும்" என்பதும் முழு உண்மையில்லை, "அடைப்பு இல்லாவிட்டால் சக்தி கூடும்" என்பதும் முழு உண்மையில்லை. புகையின் வேகமும் அலை திரும்பிவரும் நேரமும்தான் விஷயம். விட்டம் பெரிய பைப்பைப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் கிடைத்த உதவியும் போய்விடும். பாபநாசம் மேட்டில் பின்னால் ஆளை வைத்து மூன்றாவது கியரில் ஏறும் வண்டிக்குத் தேவை அந்தக் கீழ்ச் சுற்று இழுவைதான். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனம் நம்பும். மேடு அந்த நம்பிக்கையைத் தீர்த்துவைக்கும்.

கோல்ட் ஸ்டார், மெகாபோன், ஷார்ட் பாட்டில், பஞ்சாப்: என்ன வித்தியாசம்?

ஷார்ட் பாட்டில் லாங் பாட்டிலின் தம்பி. உள்ளே பேஃபிள் இருந்தால் பரவாயில்லை, சத்தம் சற்றுக் கூடும். கோல்ட் ஸ்டார் என்பது பழைய பி.எஸ்.ஏ. வண்டியின் பெயரால் வந்த வடிவம். வடிவம் அழகு, ஆனால் அந்தப் பெயரில் விற்கும் எல்லாவற்றுக்கும் உள்ளமைப்பு ஒன்றில்லை. சிலவற்றில் பேஃபிள் உண்டு, சிலவற்றில் துளை போட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), சிலவற்றில் வெறுங்குழாய். டார்ச் அடிக்காமல் வாங்காதீர்கள். மெகாபோன் பின்பக்கம் விரிந்துகொண்டே போகும். மேல் சுற்றில் ஓடும் வண்டிக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. சத்தத்துக்காகவே விற்கும் பஞ்சாப் சைலன்சர் வேண்டவே வேண்டாம்.

கிளாஸ்வூல் வகை வாங்கினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கிளாஸ்வூல் நிரந்தரமில்லை. இஞ்சின் ஆயில் அடிக்க ஆரம்பித்தால் அதை உறிஞ்சி, கருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாய் வழியாகப் பறந்துபோகும். மாதக்கணக்கில் சத்தம் மெல்லக் கூடுவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது, தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். திறந்து மறுபடி நிரப்பும்படி ஸ்க்ரூ போட்டதாக வாங்குங்கள்.

சைலன்சர் மாற்றினால் கார்பரேட்டரையும் மாற்ற வேண்டுமா?

கார்பரேட்டரை மாற்ற வேண்டாம், ஜெட்டைப் பார்க்க வேண்டும். புகை சுலபமாக வெளியேறினால் காற்றும் அதிகமாக உள்ளே வரும். பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால் கலவை மெலியும். மெலிந்த கலவை இந்த இஞ்சினைச் சுடும்.

எண்பதுகளுக்குப் பிந்தைய வண்டிகளில் வந்த மிக்கார்ப் கார்பரேட்டரில் ஆக்சிலரேட்டர் கால்பங்கு திறப்பு வரை பைலட் ஜெட், அதற்கு மேல் முக்கால் வரை ஊசி, அதற்கும் மேலே மெயின் ஜெட். எந்தத் திறப்பில் குறை தெரிகிறதோ அந்த உறுப்பைத்தான் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால் ஊருக்குள் ஓட்டும்போது ஒரு பலனும் இருக்காது.

சோதிக்கும் முறை: இஞ்சின் நன்றாகச் சூடான பின் நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் போகும் நான்குவழிச் சாலை மாதிரி நேரான இடத்தில் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு கிளட்சை அமுக்கி, சாவியை அணைத்து, பாதுகாப்பாக ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். நடுவிலிருக்கும் வெள்ளைப் பீங்கான் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் மெலிவு. நிறுத்துங்கள், அதோடு மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் காற்று முகத்தில் அடிக்கும்; அதை எதிர்த்து ஓட்ட ஆக்சிலரேட்டரை அதிகம் திறக்க வேண்டியிருப்பதால், மெலிந்த கலவை உள்ள வண்டி அங்கேதான் முதலில் சூடேறித் திணறும். ஜெட் சரிபார்க்காமல் அந்தப் பக்கம் நெடுந்தூரம் கிளம்ப வேண்டாம்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கிறது. சைலன்சர் கோளாறா?

முதலில் இணைப்புகளைப் பாருங்கள். இரும்பு இஞ்சினில் பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டின் துவாரத்தில் செருகித்தான் நிற்கிறது. அங்கே இடைவெளி இருந்தால், ஆக்சிலரேட்டரை மூடும்போது வெளிக்காற்று உள்ளே போய் எரியாத பெட்ரோலோடு சேர்ந்து பைப்புக்குள் வெடிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான ஈரத்துணியை மடித்துப் பின்வாயை ஒரு கணம் அழுத்திப் பிடியுங்கள். கசிவு இருந்தால் ஹெட் பக்கமோ கிளாம்ப் பக்கமோ "உஸ்" என்று கேட்கும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரைக்கும். கசிவைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கறையும் படிந்திருக்கும்.

கசிவே இல்லையென்றால் பைலட் கலவை மெலிவாக இருக்கலாம். மிக்கார்ப்பில் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பிப் பாருங்கள்; கலவை செறிவாகும்.

புது குரோம் பைப் ஒரே வாரத்தில் நீலமாகிவிட்டதே?

ஹெட்டை ஒட்டிய வளைவில் மெல்லிய பொன்னிறம் வருவது இயல்பு. கரு நீலம் பரவுகிறதென்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது கலவை மெலிந்திருக்கிறது, அல்லது வண்டியை நிறுத்திவைத்தபடியே நெடுநேரம் ஓடவிட்டிருக்கிறீர்கள். பாலிஷ் போட்டு மறைக்க வேண்டாம். பைப்பின் நிறம் இஞ்சினின் நிலையைச் சொல்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உவரிப் பக்கம் வீடு. ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் போடலாமா?

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்களுக்கு என் பதில்: கட்டாயம் போடலாம், பணம் வீணாகாது. ஆனால் எந்த ஸ்டெய்ன்லெஸ் என்று கேளுங்கள். 304 தரம் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். 202 மலிவு, தாங்கும் சக்தி குறைவு. காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். காந்தம் ஒட்டாத காரணத்தாலேயே அது 304 ஆகிவிடாது, 202-இலும் ஒட்டாது. கார், பைக் கம்பெனிகள் எக்ஸாஸ்டுக்குப் பயன்படுத்தும் 409-இல் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தத்தை நம்பாமல் பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வண்டி நன்றாகச் சூடானால் ஆவி வெளியே போய்விடும். தெருமுனைக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் அது சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும், அமிலமும் கலந்திருக்கும். பல சைலன்சர்கள் கீழ்ப்பக்கத் தையலில் உள்ளிருந்து ஓட்டையாவது இதனால்தான். வாரம் ஒரு முறையாவது இருபது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டுங்கள். கீழே சிறு வடிகால் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள்.

வெளியே உப்பு படிந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பைப் ஆறிய பிறகு மட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அதே சைலன்சரைப் பயன்படுத்தலாமா?

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள்ளேயே வந்தது. அப்போது மூழ்கி, அப்படியே மூடிக்கிடந்த வண்டிகள் இன்னும் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அப்படி ஒரு வண்டியின் சைலன்சரைக் கழற்றிச் செங்குத்தாக நிறுத்தினோம். முதலில் தண்ணீர், பிறகு காய்ந்த வண்டல் கட்டிகட்டியாக விழுந்தது. அதன் கூடவே பேஃபிள் தகட்டின் துருப்பிடித்த துண்டும் வந்தது. பேஃபிள் இடைவெளியில் இறுகிய வண்டலை முழுமையாக எடுக்கவே முடியாது. வெல்டிங்கைப் பிளந்து சுத்தம் செய்து திரும்ப ஒட்டும் கூலிக்குப் புதுசு வாங்கிவிடலாம்.

சைலன்சரைவிட முக்கியமான ஒன்று: மூழ்கிய வண்டியைச் சைலன்சரோடு கிக் அடிக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கும். பிளக்கைக் கழற்றி, சைலன்சரையும் பெண்ட் பைப்பையும் இறக்கி, ஆயிலை வடித்த பிறகே மற்ற வேலை.

மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

புதுச் சைலன்சர் சீக்கிரம் விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் மாட்டும் முறைதான் காரணம். பைப்பை ஹெட்டில் செருகி, கிளாம்ப், ஃபுட்ரெஸ்ட் பக்கத்து நட்டு, பின்பக்கத் தாங்கி எல்லாவற்றையும் தளர்வாகவே போடுங்கள். கையால் ஆட்டி, எதுவும் எதையும் இழுக்காத நிலையில் நிற்கவைத்து, பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். பின் தாங்கியின் துளை கால் அங்குலம் தள்ளி நின்றால் நெம்பி இழுத்து போல்ட் போடுவார்கள் சிலர். அந்த இழுவிசை முழுவதும் வெல்டிங்கில் உட்கார்ந்துகொள்ளும்; ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் அது சில மாதம்கூடத் தாங்காது. துளையை நீளமாக்குங்கள், அல்லது இடையே வாஷர் போடுங்கள்.

கிக்கர் வலப்பக்கம்தான், சைலன்சரும் வலப்பக்கம்தான். கிக்கரை முழுதாக மிதித்துப் பாருங்கள், இடிக்கக் கூடாது. பின்னால் உட்காருபவரின் கெண்டைக்கால் எங்கே வருகிறது என்று ஆளை உட்கார வைத்தே பாருங்கள். குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் ஹீட் கார்டு கட்டாயம்.

யூ.சி.இ. (இரும்பு இஞ்சினுக்குப் பின் வந்த புது இஞ்சின்) புல்லட் சைலன்சர் இதற்குப் பொருந்துமா?

நேராகப் பொருந்தாது. பெண்ட் பைப், தாங்கி இரண்டுமே வேறு. உங்கள் பழைய பைப்பைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் வெர்னியரில் விட்டம் பார்த்து வாங்குங்கள்.

பட்டறையில் செய்து வாங்கலாமா? பழையதில் பேஃபிளை மட்டும் எடுத்துவிடலாமா?

நல்ல கைத்தொழில்காரர் என்றால் முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம். பழைய பாட்டிலை அறுத்து, உள்ளமைப்பை அளவெடுத்து, அப்படியே செய்யச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் அந்த அளவுக்குக் கைநேர்த்தி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் படம் காட்டாமல் மாதிரியைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதைச் செய்யாதீர்கள். கம்பியை விட்டு இடித்துப் பேஃபிளை உடைத்தால் பாதி உடைந்து பாதி தொங்கும். அது ஆடி ஆடி ஒரு நாள் குறுக்கே விழுந்து வாயையே அடைக்கும்.

போலீஸ் பிடித்தால்? சட்டம் என்ன சொல்கிறது?

175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு உற்பத்தி நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, ஒலி மற்றும் புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது; லைசென்சும் மூன்று மாதம் போகும். 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் வைத்திருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். பாளையங்கோட்டையில் இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பாதி ஊர் அதற்குள் வந்துவிடும். அபராதத்தை விடுங்கள், ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்பதே போதுமான காரணம்.

புகைச் சோதனைக்கு, 2000 மார்ச் 31 வரை தயாரான வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், அதன் பிறகு வந்தவற்றுக்கு 3.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. இணைப்பில் கசிவிருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். அந்தச் சான்றிதழைப் பார்த்து இஞ்சின் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை என்ன செய்வது?

பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டி.என்.72, டி.என்.76 எந்த எண்ணாக இருந்தாலும் கம்பெனி வடிவத்தில் நிற்கும் வண்டிக்கு அங்கே கேள்வி குறைவு. ஓட்டை சிறிதென்றால் தகடு வைத்து அடைக்கலாம். உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி உருட்டி வடித்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, ஈரம் படாத பரணில் வையுங்கள். பட்டறையில் புதிது செய்யும் நாள் வந்தால் அளவெடுக்க உங்களுக்கு வேறு மாதிரி கிடைக்காது.